கோமளத்தைத் திருப்பிக் கொடுக்காமல் போனவள்

ஷமீம் இறந்துபோன செய்தி ஷமீமின் எண்ணிலிருந்தே எனக்கு வந்தது.

காலை அலுவலக நேரம். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறித் தரமணிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயர், மூக்குத்தி தெரியச் சிரிக்கும் அவள் படம், அதற்குக் கீழே ஒரு வரி. "ஷமீம் மவுத் ஆகிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." குழுவில் இருப்பது மூன்றே பேர். ஷமீம், நான், ஒலிப்பதிவு செய்யும் பாஸ்கர். பாஸ்கர் உடனே பதில் போட்டான். "யக்கா, காலங்காத்தால இன்னா வெளாட்டு இது?" எனக்கும் எரிச்சல்தான் வந்தது. பேய்க் குரலில் பேசி ஆளை அலற வைப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. இந்தத் தடவை எல்லை மீறிவிட்டாள் என்று நினைத்து, நாலு வார்த்தை நறுக்கென்று எழுதத் தொடங்கினேன். அதற்குள் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள் கணவர் காதர் பாஷா பேசினார். "மேகலாம்மா, மெசேஜ் பாத்தீங்களா? நான்தான் போட்டேன். யார் நம்பரும் எனக்குத் தெரியாது, அதான் அவ போன்லருந்தே போட்டேன். காலையில டீ போட எந்திரிச்சா. அடுப்பாண்டையே உக்காந்துட்டா." நான் திருவான்மியூரில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் ஷமீமைப் பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருக்கிறீர்கள். கோமளம் ஒலி நாடகங்களில் கோமளமாகப் பேசியது அவள்தான். புதிதாக வருபவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோமளம், எழுத்தாளர் தணிகைநாதன் படைத்த பேய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, வேலை நேரத்திலேயே இறந்துபோனவள். இறந்த பிறகும் வேலையை விடாதவள். யாராவது போனை எடுத்து எண்ணைச் சுற்றினால் நடுவில் புகுந்து, செத்துப்போன ஒருவருக்கு இணைப்புக் கொடுத்துவிடுவாள். யாரையும் அடிக்க மாட்டாள், கழுத்தை நெரிக்க மாட்டாள். "பேசுங்கள், உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்பாள், அவ்வளவுதான். பள்ளிக்கூட வயதில் வார இதழில் அதைப் படித்துவிட்டு, வீட்டிலிருந்த கறுப்பு போன் பக்கமே போகாமல் இருந்தவள் நான். அதைத் துடைக்கச் சொன்னால்கூடத் தம்பியைத்தான் அனுப்புவேன்.

தணிகைநாதன் ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார். எங்களைப் போன்ற பைத்தியங்கள் நிறுத்தவில்லை. கோமளத்தை வைத்துப் புதுப்புதுக் கதைகளை எழுதி இணையத்தில் போட்டோம். சிலர் படம் வரைந்தார்கள். அப்படி நான் போட்ட ஒரு கதையைப் படித்துவிட்டு முன்பின் தெரியாத ஒரு பெண் என் எண்ணைக் கேட்டு வாங்கி, போன் செய்தாள்.

"கதை நல்லா இருந்துச்சு. நடுவுல ஒரு எடத்துல போனைத் தூரமா வெச்சுட்டேன். அவர்கிட்ட கேட்டீங்களா?"

"எவர்கிட்ட?"

"கோமளத்தை எழுதினவர்கிட்ட."

"எல்லாரும்தாங்க எழுதறாங்க. நான் என்ன விக்கவா போறேன்?"

"விக்கலைன்னா கேக்க வேணாமா? பக்கத்து வூட்டு சைக்கிளை எடுத்து ஒரு ரவுண்டு ஓட்டிட்டு அப்படியே திருப்பி வெச்சாலும், கேட்டுட்டுத்தானே எடுக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. யார் இந்த அம்மா, நேரில் போய் ரெண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று விலாசம் கேட்டு மயிலாப்பூரில் ஷமீமின் கடைக்கே போனேன். தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முன்பக்கம் காதர் பாஷா ப்ளவுஸ் தைக்கிற இயந்திரம், பின்பக்கம் அறையில் அவள் ஆரி வேலை. துணியைச் சட்டத்தில் முறுக்காக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்தார். மகளுக்குக் கல்யாணமாம். போனில் ஒரு படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றார்.

ஷமீம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது பாண்டி பஜார்ல ஒரு பொண்ணு போட்டது. எனக்குத் தெரியும். அவளைக் கேட்டுட்டுப் போடறேன், இல்லன்னா வேற மயில் போட்டுத் தர்றேன்."

"மயில்ல என்னம்மா உன் மயில், என் மயில்?"

"மயில் எல்லாருக்கும் பொதுதாங்க. ஆனா இந்த மயில் கழுத்தைத் திருப்பித் தன் தோகையையே பாக்குது பாருங்க. அந்தப் பார்வை அவளோடது."

அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே நேராகப் பார்க்கும் மயிலுக்கு ஒத்துக்கொண்டார். சண்டை போட வந்த நான் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பெசன்ட் நகருக்குப் போனோம்.

தணிகைநாதன் அலைச்சத்தம் கேட்கிற ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். கதவின் சங்கிலியைக் கழற்றாமலே எங்கள் கதையைக் கேட்டார். பிறகு கழற்றினார். "இத்தனை வருஷத்துல என்கிட்ட கேக்கணும்னு வந்தவங்க நீங்கதான்" என்றார். கதைகளின் உரிமை இன்னும் தன்னிடம்தான் இருப்பதாகவும், பத்திரிகைக்கு ஒரு தடவை வெளியிட மட்டுமே கொடுத்ததாகவும் சொன்னார். எங்களுக்கு நாடகமாகச் செய்யும் ஆசை இருந்தது. யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இலவசமாகத்தான் பகிர வேண்டும். அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் கதையில் உயிரோடு இருக்கும் யாரையும் நாங்கள் கொல்லக் கூடாது. ஷமீம் விடவில்லை. எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார், நாளைக்கு எங்களுக்குள்ளேயே மறந்துபோகும் என்று கேட்டு எழுதி வாங்கினாள். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

"இன்னொண்ணு. வேலை முடிஞ்சதும் அவளைத் திருப்பி அனுப்பிடுங்க. வெளியில இருந்துட்டா அவளுக்கு அதுவே பழகிடும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஷமீமும் சிரிக்கவில்லை.

எங்கள் நாடகங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் நீங்கள் கேட்ட அந்த வரிகள் அப்படித்தான் வந்தன. தொடக்கத்தில், "கோமளம் எங்களுடையவள் அல்ல. எழுத்தாளர் தணிகைநாதனைக் கேட்டுக் கொஞ்ச நேரத்துக்கு அழைத்து வந்திருக்கிறோம். இதை யாரும் விற்க வேண்டாம்." முடிவில், "கோமளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்." இந்த இரண்டையும் ஷமீம் தன் சொந்தக் குரலில் சொல்வாள். வேறு யாரும் சொல்ல விடமாட்டாள். வாங்குகிற ஆள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பாள்.

ஒலிப்பதிவு அவள் கடையின் பின்னறையில் நடக்கும். சுவர் முழுக்கத் துணிக்கட்டுகள் இருப்பதால் எதிரொலி வராது. வேலை இல்லாத மதிய நேரம், எல்லாருடைய போனும் அணைக்கப்பட்டிருக்கும். பாஸ்கர் கல்யாண மண்டபங்களில் மைக் செட் பார்ப்பவன். அடையாற்றின் கரையில் பிறந்து வளர்ந்தவன், அங்கிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். எதற்கும் அசராதவன். முதல் நாடகத்தின்போது ஷமீம் தொடக்க வரிகளைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எப்போது பார்த்தாலும் எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் விரல்கள் அப்படியே அடங்கின. பிறகு கோமளம் பேசினாள். ஷமீமின் குரல் கொஞ்சம் கரகரப்பு. இந்தக் குரலில் கரகரப்பே இல்லை. சுத்தமான, மரியாதையான, எங்கோ நீண்ட கம்பியின் மறுமுனையிலிருந்து வருகிற குரல். பாஸ்கர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தான். "யக்கா, மெய்யாலுமே கூசுதுக்கா. எதிர்லதான் குந்திக்கினு கீறாங்க, சத்தம் வேற எங்கியோ இருந்து வருது." அவன் கையில் மயிர் குத்திட்டு நின்றதை நான் பார்த்தேன். என் கையை நான் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரு தடவை திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டோம். பதிவு முடிகிற நேரத்தில் ஒரு கல்யாணப் பெண் வீட்டார் கூட்டமாக வந்து, தைத்த ப்ளவுஸ் இறுக்கிப் பிடிக்கிறது என்று பெரிய ரகளை. ஷமீம் எழுந்து ஓடினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பாஸ்கர் கருவிகளைக் கட்டினான். கடைசி வரி பாக்கி என்பதை மற்றவர் நினைவுபடுத்துவார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம். அந்த வாரம் காதர் பாஷா ஷமீமின் போனிலிருந்து எனக்குப் போன் செய்தார். அதற்கு முன் அவர் என்னோடு போனில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. "மேகலாம்மா, நான் ஜரிகை வாங்க வெளிய போயிருந்தேன். கடைக்கு அடிச்சேன். எடுத்தது ஷமீம்தான், ஆனா ஷமீம் இல்ல. யார் வேணும்னு ரொம்ப மரியாதையா கேட்டா. நான் யாருன்னு சொல்றேன், அதுக்கும் யார் வேணும்னே கேக்கறா."

ஷமீமைக் கேட்டேன். "அரே, நான் ஹலோன்னுதான் சொல்றேன். அங்க என்னா கேக்குதோ எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூக்கமே இல்லை என்றாள். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் போன் செய்துவிட்டு எதுவும் பேசாமல் வைத்துவிட்டார்களாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தொண்டையில் சளி கட்டியிருக்கும், குரல் மாறியிருக்கும் என்று சொல்லி வெந்நீர் குடிக்கச் சொன்னேன். ஆனால் அன்றைக்கே பாஸ்கரை வரச்சொன்னதும் நான்தான். ஷமீம் மைக் முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே துணிக்கட்டின் மேல் சாய்ந்து, நாங்கள் இருக்கும்போதே தூங்கிப்போனாள். பிறகு எழுந்து டீ கேட்டாள். "அடுத்தவங்க பொருள் வூட்ல இருந்தா எனக்குத் தூக்கம் வராது" என்றாள், பழைய கரகரப்பில்.

எங்கள் நாடகத்தை ஒருவர் திருடினார். தொடக்க வரியையும் முடிவு வரியையும் வெட்டி எறிந்துவிட்டு, தன் பெயரைப் போட்டுத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். நான் கொதித்துப்போய்ப் புகார் எழுதப் பாய்ந்தேன். ஷமீம் அதற்குக் கீழே வந்திருந்த பின்னூட்டங்களை எனக்குப் படித்துக் காட்டினாள். நாடகம் முடிந்த பிறகும் முடியாத மாதிரி இருக்கிறது என்று ஒருவர். கேட்டதிலிருந்து வீட்டில் போன் அடிக்கிறது, எடுத்தால் யாரும் இல்லை என்று இன்னொருவர். "பாவம், அவருக்கு யாராவது சொல்லணும்ல" என்று ஷமீம் மட்டும் அந்த ஆளுக்கு எழுதினாள். நீங்கள் எடுத்தது பற்றி எங்களுக்குக் கோபம், ஆனால் நீங்கள் வெட்டியதுதான் எங்களுக்குக் கவலை, எழுத்தாளரைக் கேளுங்கள் அல்லது நீக்கிவிடுங்கள் என்று. அவர் நீக்கிவிட்டார். மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. பயந்துதான் நீக்கினார் என்பது என் கட்சி.

கடைசி நாடகத்தை அவள் இறப்பதற்கு முந்தைய நாள் மதியம்தான் பதிவு செய்தோம். தாயும் மகளும் பேசுகிற கதை, கோமளம் நடுவில் இருப்பாள். எல்லாக் காட்சியும் முடிந்தது. கடைசி வரி மட்டும் பாக்கி. ஷமீம் மூச்சை இழுத்தாள், இருமினாள். மறுபடி இழுத்தாள். "தொண்டை கட்டுது மேகலா. இந்தக் குரல்ல சொன்னா தணிகைநாதன் சார் ஏத்துக்க மாட்டார். நாளைக்குச் சொல்லிடறேன்" என்றாள். முன்பு ஒரு தடவை நாள் தவறியதில் பட்ட அவதியை அவள் மறக்கவில்லை. போகும்போது, "காலைல முதல் வேலை அதுதான்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

மீர்சாகிப்பேட்டையில் அவள் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பன்னீர் வாசனை. முகம் மட்டும் தெரிந்தது. மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். மடியில் அடங்கியிருக்கும் அந்தக் கைகள் வெள்ளைத் துணிக்குள் இருந்தன. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வாய் திறந்து வேறு குரல் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் தெருமுனையில் நின்று குழந்தை மாதிரி அழுதேன்.

சில நாள் கழித்து பாஸ்கர் என்னை லஸ் அருகே பூங்காவுக்கு வரச்சொன்னான். நல்ல வெயில். என் காதில் ஹெட்போனை மாட்டினான். "கோமளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்." ஷமீமின் குரல். அந்தக் கரகரப்பு, முடிவில் கொஞ்சம் இறங்குகிற அந்தத் தாளம், எல்லாம் அவளே. பழைய பதிவிலிருந்து வெட்டி ஒட்டினாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஒட்டினா அந்த ரூம் சத்தம் வேற, இந்த ரூம் சத்தம் வேற, தெரிஞ்சிடும். கம்ப்யூட்டருக்கு அக்கா கொரலைக் கத்துக் குட்த்தேன். இன்னா டைப் பண்ணாலும் அக்கா மாரியே பேசுது. அப்டியே கீறாங்கல்ல?"

அப்படியேதான் இருந்தாள். இறந்த பெண் வெயிலில், பூங்கா பெஞ்சில், என் காதுக்குள் பேசுகிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வரி இல்லாமல் நாடகத்தை வெளியிட முடியாது. வெளியிடாவிட்டால் அவளுடைய கடைசி வேலை பாஸ்கரின் கணினியிலேயே கிடக்கும். அவள் நிம்மதி இல்லாமல் போயிருப்பாள் என்கிற எண்ணம் வேறு, நம்பாதவளான என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது. "யாரைக் கேட்டே பாஸ்கர்?" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "யாரைக் கேக்கறதுக்கா? கேக்க வேண்டியவங்கதான் போய்ட்டாங்களே."

முதலில் தணிகைநாதனிடம் போனோம். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு வரியைக் கேட்டார். ஹெட்போனைச் சட்டென்று கழற்றி மேசையில் வைத்துக் கொஞ்சம் தள்ளியும் வைத்தார்.

"கோமளம் என்னோடவ. எத்தனை தடவை வேணும்னாலும் கொடுப்பேன். ஆனா நான் எழுதினப்போ அவளுக்குச் சத்தமே கிடையாதும்மா, பேப்பர்ல ஏது சத்தம்? குரல் அந்தப் பொண்ணோடது. அதைக் கொடுக்க எனக்கு உரிமை இல்ல. அவ வீட்டுக்காரரைக் கேளுங்க."

வாசல் வரைக்கும் வந்தார். "அவ இன்னும் வரலை" என்றார் மெதுவாக. யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

காதர் பாஷா கடையைத் திறந்திருந்தார். இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரு லைனிங் துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். பாஸ்கர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னான்.

"அவ பேசாததை அவ பேசற மாதிரியா?"

"ஆமா பாய்."

"போடு."

பாஸ்கரின் போனில் அந்த வரி ஒலித்தது. காதர் பாஷா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஷமீம்?" என்று போனைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். சந்தில் ஒரு ஆட்டோ போய் ஓய்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"எது டைப் பண்ணாலும் சொல்லுமா? 'ஏங்க, சாப்பிட வாங்க'ன்னு சொல்லச் சொல்லு."

பாஸ்கர் என்னைப் பார்த்தான். நான் தடுக்கவில்லை. எனக்கும் கேட்க வேண்டும்போல் இருந்தது. போன் சொன்னது, "ஏங்க, சாப்பிட வாங்க." அவர் இன்னொரு தடவை என்றார். சொன்னது. இன்னொரு தடவை என்றார். மறுபடி சொன்னது, ஒரு இம்மி மாறாமல், அதே இனிமையோடு. அவர் முகத்தில் வந்திருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை நான் பார்த்தேன்.

"குரல் அவளோடதுதான் மேகலாம்மா. குறையே சொல்ல முடியாது. ஆனா இவளுக்கு என்னைத் தெரியாது. மூணு தடவை கூப்பிட்டும் நான் எந்திரிக்கலை. ஷமீமா இருந்தா இந்நேரம் கரண்டியைத் தூக்கியிருப்பா." பிறகு பாஸ்கரின் பக்கம் திரும்பி, "அழிச்சுடு நைனா. தப்பா நினைக்காதே. எனக்கே இதைத் திரும்பத் திரும்பக் கேக்கணும்னு தோணுது, அதான் பயமா கீது" என்றார். பாஸ்கர் எங்கள் கண்முன் எல்லாவற்றையும் அழித்தான். வீட்டுக் கணினியில் இருப்பதையும் இன்றைக்கே அழிக்கிறேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்தான்.

அப்போதுதான் பின்னறையிலிருந்து ஷமீம் கூப்பிட்டாள்.

"ஏங்க... போன் அடிக்குது."

நான் பாஸ்கரைப் பார்த்தேன். அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். "நான் இல்லக்கா, சத்தியமா நான் இல்ல."

"ஏங்க! காது கேக்கலையா? போன் அடிக்குதுன்றேன்ல. நான் கையில ஊசி வெச்சிருக்கேன். எடுக்கப் போறீங்களா இல்லையா? அல்லா, இந்த மனுஷனைக் கட்டிக்கினு... எடுங்கன்னா!"

காதர் பாஷா எழுந்து பின்னறைக்குப் போனார். நாங்களும் போனோம். நூல்கண்டுகள் கிடந்த தட்டில் அவளுடைய போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை. அது முதலிலிருந்து மறுபடி கெஞ்சி, மறுபடி கோபித்து, மறுபடி கத்தி, தானாக அடங்கியது.

"அவ போன் அடிச்சா நான் எடுக்க மாட்டேன்னு அவளே பேசி இதுல ரிங்டோனா வெச்சது. அப்பவும் நான் எடுத்ததில்ல" என்றார். "இது யாரும் செஞ்சது இல்ல. அவ எனக்குக் கொடுத்தது." அவர் தேம்பித் தேம்பி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். யார் அழைத்தது என்று நான் எட்டிப் பார்த்தேன். திரையில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. கடன் வேண்டுமா என்று கேட்கிற யாராவதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்சம் ஆறிய பிறகு அவரே சொன்னார். "அந்தக் கடைசி வரியை நீங்க சொல்லிடுங்க மேகலாம்மா. அவ பேர்ல அது பாக்கியா நிக்கக் கூடாது." பாஸ்கர் மறுநாள் மைக்கைக் கொண்டுவந்தான். அந்தப் பின்னறையில், அவள் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேடையில் வாழ்த்துப்பா பாடக்கூட லாயக்கில்லாத என் குரலில் சொன்னேன். "ஷமீமுக்காக நான் சொல்கிறேன். கோமளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்." நாடகத்தை அப்படியே வெளியிட்டோம். நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்களில் சிலர், என் குரலுக்குப் பிறகு போனை வைக்கிற சத்தம் கேட்கிறது, அருமையான சேர்க்கை என்று எழுதியிருந்தீர்கள். பாஸ்கர் அப்படி எதையும் சேர்க்கவில்லை. அவன் எத்தனை தடவை தேடியும் அது பதிவில் இல்லை. தணிகைநாதன் என்னைக் கூப்பிட்டு, "வந்துட்டாம்மா" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வயதாகிவிட்டது.

இனிமேல் கோமளம் நாடகங்கள் வராது. கோமளத்தை வைத்து யார் வேண்டுமானாலும் எழுதலாம், அவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், பெயரைச் சொல்லுங்கள், விற்காதீர்கள். ஷமீமின் குரலை மட்டும் எடுக்காதீர்கள். கேட்டு வாங்க அவள் இல்லை. எங்களிடமிருந்த அவளுடைய பதிவுகளையெல்லாம், சொதப்பல்களும் சிரிப்புகளும் உட்பட, காதர் பாஷாவிடம் கொடுத்துவிட்டோம்.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவளுடைய எண். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை, அழிக்கப் போவதும் இல்லை. ஒரு நாள் கடைக்குப் போய்க் கேட்டேன். "பாய், அப்பப்போ அந்த நம்பருக்கு அடிக்கட்டுமா? நீங்க எடுக்க வேணாம்."

அவர் ஊசியில் நூல் கோத்து முடிக்கிற வரைக்கும் யோசித்தார். "மத்தியானமா அடிங்க. கடையில யாரும் இருக்க மாட்டாங்க."

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தரமணி அலுவலகத்தின் வாசலில் நின்று அடிக்கிறேன். என் காதில் விழுவது வெறும் மணிச்சத்தம்தான். மயிலாப்பூரில் அந்த நேரம் அவள் அவரைத் திட்டிக்கொண்டிருப்பாள். அவர் எடுப்பதில்லை.